எண்ணெயும் தண்ணீரும் சிலிண்டரும் படும் தரை

டைல்ஸ் கடைகளில் தரையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி விற்கிறார்கள். மேலிருந்து பளீரென்று விளக்கு விழுகிறது. நாம் எதிரே நின்று தலையைச் சாய்த்து, நிறம் எடுப்பாக இருக்கிறதா, சுவருக்குப் பொருந்துமா என்று பார்க்கிறோம். கூடத்துக்கு அந்தப் பார்வை போதும். சமையலறைக்கு அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தத் தரையோடு குடும்பம் நடத்தப் போவது கால். அதுவும் செருப்பில்லாத, பாதி நேரம் ஈரமாக இருக்கும் கால்.

எங்கள் வீடு புதுக்கோட்டையில், மாமனார் 1980களில் கட்டியது. சமையலறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, சிவப்பு சிமெண்ட் தரை. கைதேர்ந்த கொத்தனார் போட்ட தரைதான். ஆனாலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நெடுக விரிசல் ஓடி, அதில் அழுக்குப் படிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்புக் கோடாகிவிட்டது. தொட்டியின் கழிவுநீர்க் குழாயை மாற்ற எப்படியும் அந்தப் பக்கத்தை உடைத்தாக வேண்டும். உடைப்பது என்றான பிறகு முழுத் தரையையும் மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. என் மாமியார் எழுபதைத் தாண்டியவர். இன்றைக்கும் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து, அரிவாள்மணையில்தான் காய் நறுக்குவார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: “வழவழவென்று எதையாவது போட்டுவிடாதே. நான் விழுந்தால் எனக்கு இடுப்பு போகும், உங்களுக்குப் பணம் போகும்.”

கடைப் படியேறுவதற்கு முன் சில நாள் சமையலறையைக் கவனித்தேன். தண்ணீர் எங்கே சொட்டுகிறது, எண்ணெய் எங்கே தெறிக்கிறது, கனமான பொருள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தேன். “இங்கே ஏதாவது குற்றம் நடந்திருக்கிறதா?” என்று கணவர் கேட்டார். ஆனால் அந்த வட்டங்கள் சொன்னதை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை. தொட்டிக்கு முன்னால் மூன்றடி தூரத்துக்குள்தான் தண்ணீர் அதிகம் விழுகிறது. ஆனால் கழுவிய பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்புக்கு நடக்கும் வழியெல்லாம் சொட்டுகிறது. எண்ணெய் அடுப்படியோடு நிற்பதில்லை. பூரியோ வடையோ போட்ட நாளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக அறையில் பாதி தூரத்துக்கு இறங்குகிறது. சொட்டும் தண்ணீரும் இந்தப் படலமும் சந்திக்கும் இடம் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில். வழுக்கும் இடமும் அதுதான். கனம் என்று பார்த்தால் சிலிண்டர், கிரைண்டர், ஒரு மூலையில் அம்மி. நிரம்பிய சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் 30 கிலோவை ஒட்டி வரும். அதை யாரும் தூக்கி வைப்பதில்லை. அடிவளையத்தின் விளிம்பில் சாய்த்து உருட்டித்தான் கொண்டுவருகிறார்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, சமையலறை முழுவதற்கும் ஒரே தரை போட வேண்டும் என்று என்ன சட்டம் என்று தோன்றியது. பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

மாமியாரின் முதல் விருப்பம் மறுபடியும் சிவப்புத் தரை. எனக்கும் அதில் ஆசைதான். கோடையில் கால் வைத்தால் அத்தனை குளிர்ச்சி. ஆனால் அதற்கு வேலை தெரிந்த கை வேண்டும். இரும்பு ஆக்சைடுப் பொடியைச் சிமெண்டோடு ஒரே சீராகக் கலந்து, காயக் காயக் கரண்டியால் திரும்பத் திரும்பத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். பிறகு ஒரு வாரத்துக்குக் குறையாமல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், கடைசியில் தேங்காய் எண்ணெய் தேய்க்க வேண்டும். அதுவரை அடுப்பை எங்கே வைப்பது? இடையிடையே கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டமாகப் பிரிக்காமல் ஒரே பரப்பாகப் போட்டால் விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். விரிந்த இடத்தை ஒட்டுப்போட்டால் நிறம் சேராது. இதைச் செய்வேன் என்று எங்கள் ஊரில் சொன்னவர்கள் இருந்தார்கள். செய்த தரையைக் காட்டுங்கள் என்றபோது யாரும் காட்டவில்லை. அந்த ஆசையை விட்டுவிட்டோம்.

காரைக்குடிப் பக்கம் போயிருந்தபோது ஆத்தங்குடியிலும் இறங்கிப் பார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார்கள். சூளையில் சுடுவதே கிடையாது. தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான். கண்ணாடியில் பட்ட முகம் கண்ணாடியின் வழவழப்பை அப்படியே வாங்கிக்கொள்கிறது. நின்று பார்த்தால் நேரம் போவதே தெரியாது. ஆனால் அடிப்படையில் அது சிமெண்ட். எலுமிச்சை, புளி போன்ற புளிப்பு அதிக நேரம் தங்கினால் மெருகு போய் வெளிறிவிடும். கூடத்துக்கும் திண்ணைக்கும் அதற்கு நிகர் இல்லை. தினமும் புளி கரைக்கும் இடத்தில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

கடப்பாக் கல்லுக்கும் ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டாக் கல்லுக்கும் இதே பலவீனம் உண்டு. இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை. மெருகு போட்ட கடப்பாவில் எலுமிச்சம்பழ மூடியைக் கவிழ்த்து வைத்து மறந்துவிட்டால் மறுநாள் வட்டமாக ஒரு மங்கல் தெரியும். அதைத் துடைத்து எடுக்க முடியாது, ஏனென்றால் அது கறை இல்லை. கல்லின் மேற்பரப்பையே அமிலம் அரித்திருக்கிறது. மெருகு போடாத சொரசொரப்பான கோட்டாவில் இது அவ்வளவாகத் தெரியாது, காலுக்கும் பிடிமானம் கிடைக்கும். கொல்லைப்புறச் சமையலுக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் நான் அதைத்தான் சொல்வேன். கிரானைட்டுக்குப் புளிப்பு, சூடு, கனம் எதுவும் பொருட்டில்லை. ஆனால் பாலிஷ் செய்த கிரானைட்டில் ஈரக்காலோடு நடப்பதை நினைத்தாலே எனக்குப் பயம். கறுப்பு கிரானைட் என்றால் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புத் தடம் வேறு. துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வெள்ளைக் கோடுகள் வந்துவிடும்.

மிஞ்சியது டைல். செராமிக், விட்ரிஃபைட் என்று கடைக்காரர் ஆயிரம் வகை சொன்னாலும், தண்ணீரை எவ்வளவு உறிஞ்சும் என்பதுதான் இங்கே முக்கியம். விட்ரிஃபைட் என்றால் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது என்பது உலக அளவில் வைத்திருக்கும் கணக்கு. இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. டைலைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். சுவருக்கு ஒட்டும் செராமிக் டைல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடித்துவிடும். நல்ல விட்ரிஃபைட்டில் தண்ணீர் அப்படியே நிற்கும். இரண்டு டைல்களை முகத்தோடு முகம் சேர்த்து வைத்து விளிம்பில் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். நடுவில் வளைந்த டைலை எந்த மேஸ்திரியாலும் சமமாகப் பதிக்க முடியாது, ஒரு மூலை நிச்சயம் விரலில் தட்டும்.

வழுக்காத டைல் கேட்டபோது கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கீழே போட்டு, அதன்மேல் தண்ணீரை ஊற்றி, ஷூ காலோடு ஏறி நின்று காட்டினார்.

“பாருங்கள் மேடம், ஆன்ட்டி ஸ்கிட்.”

“எண்ணெய் இருந்தால்?”

“சமையலறையில் எண்ணெய் எப்படி மேடம் தரைக்கு வரும்?”

சமைத்துப் பழக்கம் இல்லாதவர் போலும்.

டைல் நிறுவனங்களின் விவரப் புத்தகங்களில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று ஒரு குறியீடு இருக்கும். ஜெர்மனியில் வகுத்த சோதனை முறை அது. டைல் பதித்த சரிவுப் பலகையில் எண்ணெய் ஊற்றி, காலணி அணிந்த ஒருவரை நடக்கவிட்டு, சரிவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எத்தனை டிகிரியில் அவருக்குப் பிடி தளர்கிறது என்பதை வைத்துத் தரம் பிரிப்பார்கள். 10 முதல் 19 டிகிரி வரை தாங்கினால் ஆர்10, அதற்கு மேல் 27 வரை ஆர்11. இதில் கவனிக்க வேண்டியது, நடப்பவர் காலணி போட்டிருக்கிறார். வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனித் தரவரிசை இருக்கிறது. அதில் எண்ணெய்க்குப் பதில் சோப்புத் தண்ணீர், சோதிப்பவருக்குச் செருப்புக் கிடையாது. நீச்சல் குளத்தின் ஓரங்களுக்காக வைத்த சோதனை என்றாலும், வீட்டுக்குள் செருப்பு அணியாத நமக்கு இந்த ஏ, பி, சி வரிசைதான் அதிகம் பேசுகிறது. சின்ன ஊர்க் கடைகளில் இந்தக் குறியீடுகளைக் கேட்டால் விழிப்பார்கள். தயங்காமல் விவரப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆர் எண் கூடக் கூட நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். மிகவும் சொரசொரப்பான டைலில் அழுக்கு அடைந்துகொள்ளும். துடைப்பான் நூல் மாட்டும். எண்ணெய்ப் பிசுக்கு குழிகளில் உட்கார்ந்து நாளடைவில் அதுவே வழுக்கும். ஆர்10 அளவில், பளபளப்பில்லாத மேட் பினிஷில், விரலால் தடவினால் மெல்லிய தாள்போல் இருக்கும் டைல்கள் மூன்று நிறத்தில் எங்களுக்குப் பிடித்தன. மூன்றிலும் ஒவ்வொன்றைக் காசு கொடுத்தே வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

சோதனை முழுவதும் கொல்லையில் நடந்தது. நல்லெண்ணெய் தடவி அதன்மேல் தண்ணீர் தெளித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறி நின்றேன். இதை வயதானவர்கள் செய்ய வேண்டாம். மாமியாரை அருகில் விடவில்லை, அதற்காக அவருக்குக் கோபம். பிறகு மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு, புளிக்கரைசல், எலுமிச்சை மூடி, கொதித்த எண்ணெய் ஒரு துளி, ஈரமான இரும்பு தோசைக்கல் என்று வைத்து இரவு முழுவதும் விட்டுவிட்டோம். காலையில் சாதாரணச் சோப்புத் தூளால் கழுவியபோது இரண்டு டைல்கள் முழுச் சுத்தமாயின. வெளிர் நிற டைலில் தோசைக்கல்லின் துரு வளையம் நின்றுவிட்டது. ஈரத்தில் நிற்கும் சிலிண்டரும் இதே வளையத்தைத்தான் போடும். வெயிலில் வைத்தாலும் துரு மங்காது. மஞ்சள் கறை வெயிலுக்கு வெளுத்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூவேலை நிறைந்த டைலை மாமியார் பார்த்த உடனே ஒதுக்கினார். “கடுகு சிந்தினால் எப்படித் தேடுவது?” கடுகுக்கு மட்டுமில்லை, பார்வை மங்கியவர்களுக்கு அது நல்ல அளவுகோல். ஆழ்ந்த நிறத் திட்டுகள் அவர்களுக்குப் பள்ளமாகவோ கீழே கிடக்கும் பொருளாகவோ தெரியும். பளபளக்கும் வெள்ளைத் தரையில் குழல் விளக்கின் வெளிச்சத்தில் சிந்திய தண்ணீர் கண்ணில் படாது. நாங்கள் எடுத்தது களிமண் நிறத்தை ஒட்டிய, கோலமோ கோடுகளோ இல்லாத மேட் டைல், இரண்டுக்கு இரண்டு அடி அளவு.

தொட்டிக்கு முன்னால் மூன்றடி அகலத்துக்கு மட்டும் அதே நிறத்தில் ஒன்றுக்கு ஒன்று அளவில் சற்றுக் கரடான டைல். இதற்கு இரண்டு காரணங்கள். சின்ன டைலில் இணைப்புகள் அதிகம், அதனால் காலுக்குப் பிடிப்பு அதிகம். இரண்டாவது, அங்கே தண்ணீர் வடிய வாட்டம் வேண்டும். பெரிய டைலை வைத்துக்கொண்டு வாட்டம் கொடுப்பது கடினம், மூலைக்கு மூலை அறுக்க வேண்டியிருக்கும். மூன்றடிக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம், சுவரோரம் தண்ணீர் வடிந்து போகும் வாயாக ஒரு நானி ட்ராப். அந்த ட்ராப்பில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. சில நாள் அந்தப் பக்கம் தண்ணீர் போகவில்லை என்றால் அது வற்றிவிடும், அதனால் ஊருக்குப் போய் வந்தால் முதல் வேலையாக ஒரு சொம்பு ஊற்ற வேண்டும்.

சிலிண்டர் நிற்கும் இடத்திலும் அம்மி மூலையிலும் கிரானைட் துண்டுகளைத் தரையோடு தரையாகப் பதித்தோம். மேடைக்கு அறுத்ததில் கழிந்த துண்டுகளைக் கிரானைட் கடையில் மலிவாகக் கொடுத்தார்கள். கிரானைட்டின் தடிமன் டைலைப்போல் இரண்டு மடங்கு இருக்கும் என்பதால் அந்த இடத்தில் அடித்தளத்தை இறக்கிப் போடும்படி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இப்போது சிலிண்டர் உருள்வதும் தேங்காய் உடைவதும் அந்தக் கல்லில்தான்.

டைலைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது பதிப்பதில் காட்டுங்கள் என்பேன். வந்த மேஸ்திரி நல்ல வேலைக்காரர். ஆனால் சாந்தின் மேல் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டுவதாகத்தான் சொன்னார். “இருபது வருஷமாக இப்படித்தான் ஒட்டுகிறேன், அம்மா” என்றார். சிமெண்ட் ஒரு பொருளைப் பிடிப்பதே அதன் நுண்துளைகளுக்குள் இறங்கித்தான். தண்ணீர் குடிக்காத விட்ரிஃபைட்டில் இறங்கத் துளைகள் இல்லை. அதற்கென்று வரும் டைல் பசைதான் வேண்டும். பசையையும் நான்கு மூலையில் ஒவ்வொரு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைக்கக் கூடாது. பல் வைத்த கரண்டியால் முழுவதும் பரப்ப வேண்டும். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் கனமான பொருள் விழும்போது டைல் உடைவது அங்கேதான். பதித்து முடித்த மறுநாள், இணைப்பு நிரப்புவதற்கு முன், ஒவ்வொரு டைலையும் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். வாசல் பக்கம் சிலவற்றில் டொக்கென்று வெற்றொலி கேட்டது. மேஸ்திரி மறுபேச்சில்லாமல் எடுத்து மீண்டும் பதித்தார். இணைப்பு நிரப்பிய பிறகு கேட்டிருந்தால் அவ்வளவு எளிதாக நடந்திருக்காது.

இடைவெளியே தெரியாமல் ஒட்டித் தருவதை மேஸ்திரிகள் பெருமையாகச் சொல்வார்கள். வேண்டாம். வெப்பத்தில் டைலும் தளமும் விரிகின்றன, விரிய இடமில்லாவிட்டால் ஒருநாள் இரண்டு டைல்கள் கூரைபோல் எழும்பி நிற்கும். டைல்களுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தோம். சுவரோரம் விடும் இடைவெளியை, சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துவிடும்.

அந்த இணைப்பில் என்ன நிரப்புவது? வெள்ளைச் சிமெண்ட் மட்டும் வேண்டாம். அதில் மஞ்சள் பட்டால் மஞ்சளாக நிற்காது, சிவந்துவிடும். ஆரத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே வேதியியல்தான், சிமெண்டிலும் காரம் இருக்கிறது. நாங்கள் அடர் சாம்பல் நிறத்தில் எபாக்சி என்ற பிசின் கலவையை நிரப்பினோம். சிமெண்ட் கலவையைவிடப் பல மடங்கு விலை, ஆனால் தண்ணீரும் எண்ணெயும் உள்ளே இறங்காது. நிரப்பும்போது டைலின் மேல் படிவதை உடனுக்குடன் துடைக்கவில்லை என்றால் அந்தப் படலம் அப்படியே இறுகிவிடும். எனவே ஒருவர் நிரப்ப, இன்னொருவர் பின்னாலேயே துடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் தரையைக் கழுவ ஆசிட் கொண்டுவந்தார்கள். தடுத்துவிட்டேன். அது சிமெண்டை அரிக்கும், பக்கத்தில் கடப்பாப் பலகை இருந்தால் அதையும் அரிக்கும், குழாயின் பளபளப்பையும் கெடுக்கும்.

குறை இல்லாமல் இல்லை. தொட்டி முன்னால் உள்ள கரடான டைலை வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்த்தாக வேண்டும், வெறும் துடைப்பானுக்கு அது மசியாது. நெடுநேரம் நின்று சமைத்தால் பழைய தரையில் வலித்ததுபோலவே இப்போதும் குதிகால் வலிக்கிறது. அதற்கு எந்தக் கல்லிலும் மருந்தில்லை, விளிம்பு சுருளாத கனமான மிதியடி ஒன்று போட்டிருக்கிறோம். கிருஷ்ண ஜெயந்திக்குப் பச்சரிசி மாவில் போட்ட பாதங்களை எடுக்க இரண்டு தரம் துடைக்க வேண்டியிருந்தது. ஆனால் மாமியார் பிடிமானம் தேடாமல் தரையில் உட்கார்ந்து எழுகிறார். ஈரமான பாத்திரத்தோடு அடுப்புக்குப் போகும்போது நானும் இப்போது கீழே பார்த்துப் பார்த்து நடப்பதில்லை.

எத்தனை டைல் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை முழுவதும் இரண்டுக்கு இரண்டு போட்டால் 30 டைல். அறுப்பதிலும் உடைவதிலும் போவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 33. பெட்டிக்கு 4 என்பதால் 9 பெட்டி வாங்க நேரும், சில மிஞ்சும். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். அதே டைலை அடுத்த வருடம் வாங்கினாலும் அந்த எண்கள் மாறினால் நிறம் சற்று மாறியிருக்கும். வாங்கும்போதே எல்லாப் பெட்டிகளிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான். எங்களிடம் மிஞ்சியவற்றை அந்தப் பெட்டியோடு பரணில் போட்டு வைத்தோம். அதில் ஒன்றை மாமியார் சூடான குக்கரை இறக்கி வைக்க எடுத்துக்கொண்டார். மற்றதிலாவது கை வைக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.